ஜூரி சம்மன் வந்தாலே எரிச்சல் வருவது ஏன், அந்தச் சுமையை எப்படிக் குறைக்கலாம்?

கேள்வி இதுதான்: அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய பிறகு ஜூரி சேவைக்குச் சம்மன் வந்தது, லீவு போட்டுவிட்டுப் போனேன், காலை எட்டு மணியிலிருந்து ஒரு பெரிய ஹாலில் உட்கார வைத்தார்கள், ஒருவரும் என் பெயரைக் கூப்பிடவில்லை, சாயங்காலம் நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதைக் குடிமக்களுக்கு இவ்வளவு சுமையில்லாமல் நடத்தவே முடியாதா? கூடவே, கிரீன் கார்டில் இருக்கும் அம்மாவுக்கும் ஒரு சம்மன் வந்திருக்கிறது, என்ன செய்வது?

அம்மா விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். நான் பல வருடம் ஒரு கவுண்டி (மாவட்ட) கோர்ட்டில், ஜூரர்களை, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிடப்படும் சாதாரணக் குடிமக்களை, வரவழைத்து நீதிபதிகளின் அறைகளுக்குப் பிரித்து அனுப்பும் பிரிவில் வேலை பார்த்தவன். உங்கள் எரிச்சலைத் தினமும் நேருக்கு நேர் பார்த்திருக்கிறேன், அது நியாயமான எரிச்சல். சுமையைக் குறைக்க முடியும், அதற்கான வழிகளும் தெரிந்தவைதான், பல மாநிலங்களில் செய்தும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் எல்லாருடைய மனதிலும் முதலில் வரும் வழி, அதாவது "முடியாதவர்களுக்கெல்லாம் விலக்கு கொடுத்துவிடுங்கள்" என்பது, இருப்பதிலேயே மோசமான வழி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் உங்களை ஏன் நாள் முழுக்க உட்கார வைத்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். விசாரணைக்குத் தேதி குறித்த வழக்குகளில் பெரும்பாலானவை விசாரணைவரை போவதே இல்லை. கிரிமினல் வழக்கு என்றால் குற்றம் சாட்டப்பட்டவர் கடைசி நேரத்தில் ஏதோ ஒரு குறைந்த குற்றத்தை ஒப்புக்கொண்டு முடித்துக்கொள்கிறார், சிவில் வழக்கு என்றால் இரண்டு பக்க வக்கீல்களும் வராந்தாவில் பேசி ஒரு தொகைக்கு ஒத்துப்போகிறார்கள். அது வேறு என்றைக்கோ நடக்காமல் அன்று காலை நடப்பதற்கு முக்கியமான காரணம், பக்கத்து ஹாலில் நீங்கள் உட்கார்ந்திருப்பதுதான். பன்னிரண்டு பேர் தீர்ப்புச் சொல்லத் தயாராக வந்துவிட்டார்கள் என்று தெரிந்தபின் யாருக்கும் வீம்பு பிடிக்கத் தோன்றாது. அதனால் கூப்பிடாமலே திருப்பி அனுப்பப்பட்ட ஜூரருக்கும் அந்த நாளில் ஒரு பங்கு உண்டு, இதை மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு 100 பேர் போதும் என்ற இடத்தில் 250 பேரை வரவழைப்பது நியாயமில்லை, அதுதான் நிறைய கோர்ட்டுகளில் நடக்கிறது. ஜூரர் போதவில்லை என்று ஒரு நாள் விசாரணை தள்ளிப்போனால் நீதிபதி கோபப்படுவார், அலுவலகத்துக்குத் திட்டு விழும். ஜூரர் அதிகமாக வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனால் யாரும் யாரையும் திட்டுவதில்லை. அப்புறம் அலுவலகம் எந்தப் பக்கம் சாயும்? ஒரு நீதிபதி பழக்கத்தால் 60 பேர் கேட்பார், அவர் கடைசியாக நடத்திய பத்து வழக்கில் 35 பேருக்கு மேல் தேவைப்பட்டதே இல்லை என்று அவருக்கே தெரியாது, ஏனென்றால் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ணிப் பார்ப்பதுதான் முதல் மருந்து. வரச் சொன்னவர்கள் எத்தனை பேர், அவர்களில் நீதிபதியின் அறைவரை போனவர்கள் எத்தனை பேர், அங்கே கேள்வி கேட்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு வழக்குக்கும் குறித்துவைத்தால், எங்கே வீணாகிறது என்று மூன்றே மாதத்தில் தெரிந்துவிடும். ஃபெடரல் (மத்திய அரசின்) கோர்ட்டுகளுக்கு இப்படி ஓர் இலக்கே இருக்கிறது: ஜூரர்களைத் தேர்வு செய்யும் நாளில் வந்தவர்களில் தேர்வாகாமலும், கேள்வி கேட்டு நீக்கப்படாமலும், எந்த வேலையும் இல்லாமல் திரும்புகிறவர்கள் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அது. பல நீதிபதிகள் இருக்கும் கட்டிடத்தில் எல்லாரும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கே ஜூரி தேர்வை வைக்காமல், ஒருவர் காலையிலும் இன்னொருவர் மதியத்திலும் மற்றவர் செவ்வாயிலும் வைத்தால், ஒரு அறையில் தேவைப்படாதவர்களை அடுத்த அறைக்கு அனுப்பலாம், வரவழைக்கும் ஆள்களின் எண்ணிக்கையே கணிசமாகக் குறையும்.

முதல் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் போன் பண்ணியோ வெப்சைட்டில் பார்த்தோ "நாளைக்கு உங்கள் எண் தேவையா" என்று தெரிந்துகொள்ளும் ஏற்பாடு இப்போது பரவலாக வந்துவிட்டது. கலிஃபோர்னியாவின் பல கவுண்டிகளில் ஒரு வாரம் இப்படித் தயாராக இருக்கச் சொல்வார்கள், ஒரு நாள்கூடக் கூப்பிடாவிட்டால் சேவை முடிந்ததாகக் கணக்கு. ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு இதிலும் சிரமம் இருக்கிறது, நாளைக்கு வேலைக்கு வருவேனா என்று முதல் நாள் ராத்திரிதான் சொல்ல முடியும். இருந்தாலும் சும்மா ஹாலில் உட்கார்வதைவிட மேல்.

கடைசி நிமிடத்தில் சமரசம் செய்துகொள்ளும் வக்கீல்களுக்கு ஒரு செலவு வைக்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. பல ஃபெடரல் கோர்ட்டுகளின் உள்ளூர் விதிகளில் இது ஏற்கெனவே இருக்கிறது: விசாரணைக்கு முந்தைய நாள் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு சிவில் வழக்கை முடித்துக்கொண்டால், அன்று வந்த ஜூரர்களுக்குக் கோர்ட் கொடுக்கும் தினப்படியின் செலவை வழக்காடிகள் மேலேயே போடலாம். போடுகிறார்களா என்பது நீதிபதியைப் பொறுத்தது. அதைத் தயங்காமல் போட்டால் போதும், முந்தைய நாளே பேசி முடித்துக்கொள்வார்கள்.

அடுத்தது எத்தனை நாள் என்பது. ஒரு காலத்தில் ஜூரி சேவை என்றால் இரண்டு வாரமோ ஒரு மாதமோ தினமும் போய்க் கையெழுத்துப் போட்டு உட்கார வேண்டும். இதை மாற்றியது "ஒரு நாள் அல்லது ஒரு வழக்கு" என்ற முறை. அன்றைக்கு ஒரு வழக்குக்குத் தேர்வானால் அந்த வழக்கு முடியும்வரை இருக்க வேண்டும், தேர்வாகாவிட்டால் அந்த ஒரு நாளோடு கடமை முடிந்தது. மாசசூசெட்ஸ் இதை 1979ல் மிடில்செக்ஸ் கவுண்டியில் தொடங்கி, 1988க்குள் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தது. அங்கே பெரும்பாலானவர்களுக்கு ஒரே நாளில் வேலை முடிந்துவிடுகிறது. தேதி ஒத்துவராவிட்டால் காரணம் சொல்லாமலே ஒரு வருடத்துக்குள் உங்களுக்குப் பிடித்த நாளுக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் இந்த ஒரு வசதி பத்துவிதமான விலக்குகளைவிட மதிப்பானது. பரீட்சை நேரத்து மாணவர், வரி தாக்கல் காலத்து கணக்காளர், அறுவடைக் காலத்து விவசாயி, ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்ட நம்மவர்கள், இவர்கள் யாருக்கும் விலக்கு வேண்டியதில்லை, வேறொரு தேதிதான் வேண்டும்.

சரி, விலக்குக்கு வருகிறேன். நியூயார்க் மாநிலத்தில் 1990களின் நடுப்பகுதிவரை இருபதுக்கு மேற்பட்ட தொழில்காரர்களுக்கு ஜூரியிலிருந்து தானாகவே விலக்கு இருந்தது. டாக்டர், வக்கீல், பாதிரியார், போலீஸ், தீயணைப்பு வீரர், பல் டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், சடலத்தைப் பதப்படுத்துபவர்வரை அந்தப் பட்டியல் நீண்டது. ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு காலத்தில் ஒரு நியாயம் சொல்லித்தான் சட்டமன்றத்தில் சேர்த்திருப்பார்கள். விளைவு என்ன? வழக்குகளின் எண்ணிக்கை அப்படியே இருந்தது, சுமக்கிற தோள்கள் மட்டும் குறைந்தன, மீதி இருந்தவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சம்மன் போனது. 1993ல் மாநிலத்தின் தலைமை நீதிபதியாக வந்த ஜூடித் கே, வந்த வேகத்திலேயே இதை ஆராய ஒரு குழுவைப் போட்டார். 1996 ஜனவரியிலிருந்து தொழில் அடிப்படையிலான எல்லா விலக்கும் போய்விட்டது. நீதிபதிகளும் வக்கீல்களும் மற்றவர்களைப் போலவே வரிசையில் உட்கார்ந்தார்கள். 1999ல் நியூயார்க் நகரத்தின் மேயராக இருந்த ரூடி ஜூலியானியே ஒரு சிவில் வழக்கில் ஜூரராகத் தேர்வாகி, ஜூரியின் தலைவராகவும் இருந்தார். இன்றைக்கு அந்த மாநிலத்தில் ஒரு தடவை சேவை செய்துவிட்டால் பொதுவாக 6 வருடத்துக்குத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 2003ல் கொண்டுவந்த சட்டத்தால் 2004 ஏப்ரலிலிருந்து டாக்டர், வக்கீல், நீதிபதி, பாதிரியார் என்ற பழைய விலக்குகள் போய், கிட்டத்தட்ட எல்லாரும் வர வேண்டும், முடியாவிட்டால் தள்ளிப்போடலாம் என்று ஆனது.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு, அதை நான் நேரில் கண்டவன். கோர்ட்டில் செல்வாக்குள்ளவர்கள் ஜூரி ஹாலில் ஒரு நாள் உட்கார்ந்தால்தான் அங்கே நாற்காலி உடைந்திருப்பதும், பதினோரு மணிவரை யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லாததும், கழிவறை இரண்டு மாடி தள்ளி இருப்பதும் மேலே போய்ச் சேரும். விலக்குப் பெற்றவர் புகார் சொல்லப் போவதில்லை, தினக்கூலிக்காரர் சொன்னால் கேட்பதில்லை.

பட்டியல் விஷயத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், யாரும் கவனிக்காத இடம் இது. ஜூரர் பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்தும் டிரைவிங் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் எடுக்கிறார்கள், நியூயார்க் போன்ற இடங்களில் வருமான வரி, வேலையின்மை உதவி, அரசு நல உதவி பெறுபவர்களின் பட்டியல்களையும் சேர்க்கிறார்கள். பட்டியல் பழையதாக இருந்தால் அனுப்பும் சம்மன்களில் ஒரு பெரிய பங்கு "இந்த விலாசத்தில் இல்லை" என்று திரும்பி வரும். அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் யார்? வாடகைக்கு இருப்பவர்கள், இளைஞர்கள், ஏழைகள். அவர்கள் கழன்றுபோக, சொந்த வீட்டில் இருபது வருடமாக இருப்பவருக்குச் சம்மன் தவறாமல் போய்ச் சேரும். தபால் துறையின் முகவரி மாற்றத் தகவலோடு பட்டியலை அடிக்கடி ஒப்பிட்டுச் சரிசெய்தால், அதே ஜூரி ஹாலை நிரப்பக் குறைந்த சம்மன் போதும். பதில் வராதவர்களுக்கு வாரண்ட் என்று மிரட்டுவதைவிட, இரண்டாவதாக ஒரு நினைவூட்டுக் கடிதம் போட்டாலே கணிசமானவர்கள் வந்துவிடுகிறார்கள் என்பது எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

இனி பணம். சுமை என்று பேசும்போது நான் அதிகம் கவலைப்படுவது இங்கேதான், ஏனென்றால் ஐடி கம்பெனியில் சம்பளத்தோடு ஜூரி லீவு வாங்கும் உங்களுக்கும் எனக்கும் இது ஒரு நாள் எரிச்சல், மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு இது வீட்டு வாடகை.

1946ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஓடும் ரயிலிலிருந்து குதித்துக் காயம்பட்ட தீல் என்ற பயணி, சதர்ன் பசிஃபிக் ரயில்வே மேல் நஷ்டஈடு கேட்டுப் போட்டது அது. ஜூரர் பட்டியலைத் தயாரித்த அதிகாரிகள், தினக்கூலிக்கு வேலை பார்ப்பவர்களை வேண்டுமென்றே பட்டியலில் சேர்ப்பதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்யவில்லை. அன்றைய ஜூரர் படி ஒரு நாளுக்கு 4 டாலர், கூலிக்காரர் வந்தால் எப்படியும் கஷ்டத்தைச் சொல்லி விலக்குக் கேட்பார், நீதிபதியும் கொடுத்துவிடுவார், எதற்கு வீணாகக் கூப்பிட வேண்டும் என்பதுதான் அவர்கள் வாதம். அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனிப்பட்ட ஒருவருக்கு உண்மையிலேயே தாங்க முடியாத கஷ்டம் என்றால் அவரை விடுவிக்கலாம், ஆனால் ஒரு வர்க்கத்தையே ஜூரர்கள் உட்காரும் ஜூரிப் பெட்டியிலிருந்து ஒதுக்கிவைக்க முடியாது. தீர்ப்பு வந்து ஏறக்குறைய எண்பது வருடம் ஆகிறது. சட்டப்படி ஒதுக்க முடியாதவர்களை இன்றைக்குப் படிக்காசு ஒதுக்கிக்கொண்டிருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். ஃபெடரல் கோர்ட்டில் ஜூரருக்கு ஒரு நாளுக்கு 50 டாலர், 2018க்கு முன்பு 40. ஃபெடரல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், எட்டு மணி நேரத்துக்கு 58. அதாவது நாட்டிலேயே சட்டப்படி கொடுக்கக்கூடிய மிகக் குறைந்த கூலியைக்கூட அரசாங்கம் தன் ஜூரருக்குத் தருவதில்லை. மாநிலக் கோர்ட்டுகள் இன்னும் மோசம். நியூ ஜெர்சியில் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5 டாலர் என்பது நெடுங்காலக் கணக்கு, அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலரைத் தாண்டிவிட்டது, ஆக ஒரு நாள் படி என்பது இருபது நிமிடக் கூலி. கலிஃபோர்னியாவில் பெரும்பாலான இடங்களில் முதல் நாளுக்கு ஒன்றுமில்லை, இரண்டாம் நாளிலிருந்து 15 டாலர். டெக்சஸில் முதல் நாள் 6 டாலர் என்றிருந்ததை 2023ல்தான் 20 ஆக்கி, அடுத்த நாள்களுக்கு 58 என்று உயர்த்தினார்கள். நியூயார்க் 40லிருந்து 72க்கு 2025ல் போயிருக்கிறது, அது நல்ல செய்தி.

முதலாளியே தரட்டும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஜூரிக்குப் போனதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று ஃபெடரல் சட்டமும் மாநிலச் சட்டங்களும் சொல்கின்றன, ஆனால் அந்த நாளுக்குச் சம்பளம் தந்தாக வேண்டும் என்று பெரும்பாலான மாநிலங்கள் சொல்வதில்லை. இங்கேயும் மாசசூசெட்ஸ்தான் ஓரளவு நியாயமாகப் பங்கு பிரித்திருக்கிறது: முதல் மூன்று நாள் வழக்கமான சம்பளத்தை முதலாளி தர வேண்டும், நான்காம் நாளிலிருந்து மாநிலம் 50 டாலர் தரும். சேவை பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடுவதால் முதலாளிக்கும் அது பெரிய பாரமாக இல்லை. சேவை நாள்களைக் குறைப்பதும் சம்பளம் கொடுக்கச் சொல்வதும் சேர்ந்தே வர வேண்டும், ஒன்றை மட்டும் செய்தால் இன்னொரு பக்கம் கசியும்.

நீண்ட வழக்குகள் தனிப் பிரச்சனை. ஆறு வாரம் நடக்கும் வழக்குக்கு யார் வர முடியும்? ஓய்வுபெற்றவர்கள், பெரிய கம்பெனியிலும் அரசாங்கத்திலும் வேலை பார்ப்பவர்கள், அவ்வளவுதான். சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருப்பவர், டாக்ஸி ஓட்டுபவர் எல்லாரும் கையைத் தூக்கிக் கஷ்டத்தைச் சொல்லி வெளியே போய்விடுவார்கள், நீதிபதிக்கும் வேறு வழியில்லை. அரிசோனா இதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்தது. சிவில் வழக்கு தாக்கல் செய்யும் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையைச் சேர்த்து வாங்கி, நீண்ட விசாரணைகளுக்கென்று ஒரு நிதி உண்டாக்கினார்கள். உண்மையாக இழந்த வருமானத்தைக் காட்டினால் ஒரு நாளுக்கு 300 டாலர்வரை அதிலிருந்து கிடைக்கும். வழக்குப் போடுகிறவர்களிடமிருந்தே பணம் வருவதால் பட்ஜெட் சண்டையில் மாட்டிக்கொள்வதில்லை.

சான் ஃபிரான்சிஸ்கோவில் 2022ல் ஒரு சோதனை முயற்சியாக, வருமானம் குறைந்த, முதலாளியிடமிருந்து சம்பளம் கிடைக்காத ஜூரர்களுக்குக் கிரிமினல் வழக்குகளில் ஒரு நாளுக்கு 100 டாலர் கொடுத்தார்கள். அந்தப் பணம் இல்லாவிட்டால் தங்களால் ஜூரியில் உட்கார்ந்திருக்கவே முடியாது என்று பங்கெடுத்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் சொன்னார்கள். தீல் வழக்கு எந்தப் பகுதியிலிருந்து கிளம்பியதோ அதே சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் இது நடந்ததில் எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம். எல்லாருக்கும் படியை உயர்த்தப் பணமில்லை என்று சொல்லும் மாநிலங்கள் இப்படித் தேவைப்படுகிறவர்களுக்காவது கொடுக்கலாம்.

குழந்தை பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்களுக்கும் இதே சிந்தனை வேண்டும். மினசோட்டாவில் சேவை நாளில் குழந்தைக் காப்பகத்துக்கு ஆகும் கூடுதல் செலவைத் திருப்பித் தருகிறார்கள். பல மாநிலங்களில் தாய்மார்களுக்கு விலக்குத் தருவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அதில் கருணை இருக்கிறது, ஆனால் சின்னக் குழந்தை வைத்திருக்கும் பெண்கள் ஜூரிப் பெட்டியில் இல்லாமல் போகிறார்கள்.

தேர்வுக் கட்டத்தைக் கொஞ்சம் வேகமாகச் சொல்கிறேன். பன்னிரண்டு பேர் தேவைப்படும் வழக்குக்கு ஏன் அறுபது பேர்? இரண்டு பக்க வக்கீல்களுக்கும் காரணம் சொல்லாமலே ஜூரர்களை நீக்கும் உரிமை இருப்பது ஒரு முக்கியக் காரணம். ஆளுக்குப் பத்துப் பேரை நீக்கலாம் என்றால் அந்த இருபது பேரும் கூடுதலாக வந்து உட்கார வேண்டும். இங்கிலாந்தில் அந்த உரிமையை 1988ல் எடுத்துவிட்டார்கள், அங்கே ஜூரி தேர்வு சில நிமிடங்களில் முடிந்துவிடும். அமெரிக்காவில் அரிசோனா 2022 ஜனவரியிலிருந்து அதை முழுக்க ஒழித்தது, முதல் மாநிலம் அதுதான். கலிஃபோர்னியா 2017ல் சின்னக் கிரிமினல் வழக்குகளில் பத்தை ஆறாகக் குறைத்தது. வக்கீல் நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், ஆனால் இந்த உரிமை கறுப்பின ஜூரர்களை நீக்கப் பயன்பட்ட வரலாறு உச்ச நீதிமன்றமே 1986ல் தலையிட வேண்டிய அளவுக்குப் போனது. எடுத்துவிட்டால் நேரமும் மிச்சம், அநியாயமும் குறையும்.

வீட்டிலிருந்தே ஜூமில் வரலாமே என்று கேட்பீர்கள். கொரோனா காலத்தில் எல்லாவற்றையும் முயன்று பார்த்தார்கள். ஸ்காட்லாந்தில் சினிமா தியேட்டரில் ஜூரர்களைத் தள்ளித்தள்ளி உட்காரவைத்து, பெரிய திரையில் கோர்ட் விசாரணையைக் காட்டினார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டி, அதாவது சியாட்டில் பகுதி, ஜூரி தேர்வை ஜூமுக்கு மாற்றி, சிவில் விசாரணைகளையும் அதிலேயே நடத்தியது. தேர்வை மட்டும் ஆன்லைனில் நடத்துவதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். கார் ஓட்டிப்போய், பார்க்கிங் தேடி, பையை ஸ்கேன் பண்ணி, மூன்று கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்புவது யாருக்கும் நன்மையில்லை. ஆனால் ஒருவரை ஜெயிலுக்கு அனுப்பக்கூடிய விசாரணையை, சமையலறை மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியாது. சாட்சி சொல்பவரோடு ஒரே அறையில் இருந்து, கவனம் சிதறாமல் கேட்க வேண்டிய வேலை அது.

தேர்வான பிறகு வரும் சுமையைப் பற்றி ரொம்பப் பேர் பேசுவதில்லை. ஒரு காலத்தில் ஜூரர்கள் குறிப்பெடுக்கவே கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, நாள்கணக்கில் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசியில் வக்கீல்களுக்கே பாதி புரியும் சட்ட வாசகங்களைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். 1995ல் அரிசோனா இதையெல்லாம் தளர்த்தியது, கேள்வியை எழுதி நீதிபதியிடம் கொடுக்கலாம் என்று ஆனது. கலிஃபோர்னியா ஜூரிக்கான சட்ட விளக்கங்களை எளிய நடையில் புதிதாக எழுதியது, சிவிலுக்கு 2003ல், கிரிமினலுக்கு 2006ல். இதெல்லாம் வசதிக்காகச் செய்தது மாதிரித் தெரியும், ஆனால் என்ன கேட்கிறார்கள் என்று புரியாமல் இன்னொருவரின் வாழ்க்கையைத் தீர்மானிப்பதுதான் ஜூரர் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும் பெரிய பாரம்.

கொலை, குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமை போன்ற வழக்குகளில் படங்களையும் வீடியோக்களையும் பார்த்தவர்கள் பிறகு தூக்கமில்லாமல் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். தீர்ப்புச் சொன்னதும் கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். டெக்சஸ் சட்டம் இப்படிப்பட்ட ஜூரர்களுக்கு 10 மணி நேரம்வரை மனநல ஆலோசனைக்கு வழிசெய்கிறது. எல்லா மாநிலத்திலும் வர வேண்டிய சட்டம் இது. அதேபோல, ஜூரர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து ஓட்டலில் அடைத்துவைப்பதைத் தவிர்க்க முடிந்தவரை தவிர்க்க வேண்டும். 1995ல் ஓ.ஜே. சிம்ப்சன் வழக்கின் ஜூரி 265 நாள் அப்படி இருந்தது. நியூயார்க்கில் தீர்ப்பைப் பற்றிக் கலந்து பேசும் கட்டத்தில் இரவு கட்டாயமாகத் தங்கவைக்கும் விதி 2001வரை முழுசாகப் போகவில்லை.

சிலர் குறுக்கு வழி சொல்வார்கள்: ஜூரியை ஆறு பேராக்கிவிடலாம், அல்லது சம்பளத்துக்கு நிரந்தர ஜூரர்களை வைத்துக்கொள்ளலாம் என்று. ஆறு பேர் போதும் என்று 1970ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது உண்மை, ஐந்து பேர் போதாது என்று 1978ல் கோடு கிழித்ததும் உண்மை, ஃபுளோரிடாவில் இன்றும் மரண தண்டனை இல்லாத வழக்குகளுக்கு ஆறு பேர்தான். பன்னிரண்டு பேர் இருக்கும் அறையில் மாறாக யோசிக்கும் ஒருவருக்குத் துணையாக இன்னொருவராவது இருப்பார், ஆறு பேரில் அவர் தனியாகிப்போவார். நிரந்தர ஜூரர் என்றால் அது இன்னொரு அரசு உத்தியோகம், அப்புறம் நீதிபதியே போதுமே. நம் ஊரில் இருந்து வந்தவர்களுக்கு ஜூரி பற்றிய நினைவே குறைவு, இந்தியாவில் 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு அது முடிந்துபோனது. அதனால் இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். அரசாங்கம் ஒருவரைக் குற்றவாளி என்று சொன்னால் போதாது, தெருவில் போகும் பன்னிரண்டு பேரை நம்பவைக்க வேண்டும் என்பது சாதாரண மனிதனுக்கு இந்த நாடு கொடுத்திருக்கும் பெரிய பாதுகாப்பு.

நீங்கள் செய்யக்கூடியது: சேவை முடிந்ததும் கேள்வித்தாள் கொடுத்தால் காத்திருந்த நேரத்தை மணிக்கணக்கோடு எழுதிக் கொடுங்கள், அதைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். படியை முடிவுசெய்வது மாநிலச் சட்டமன்றம், கோர்ட் அலுவலகத்தில் கத்திப் பயனில்லை, உங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள். உங்கள் கம்பெனியில் நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும் ஜூரி லீவுக்குச் சம்பளம் இருந்து, கேன்டீனிலும் செக்யூரிட்டியிலும் இருக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கு இல்லை என்றால் அதையும் கேளுங்கள்.

அம்மாவுக்கு: கிரீன் கார்டுக்காரர் ஜூரராக இருக்க முடியாது. டிரைவிங் லைசென்ஸ் அல்லது மாநில அடையாள அட்டைப் பட்டியலிலிருந்து பெயர் எடுத்திருப்பார்கள், அவர்மேல் தவறொன்றுமில்லை. ஆனால் சம்மனைக் குப்பையில் போடக் கூடாது. அதோடு வரும் கேள்வித்தாளில், அல்லது அதில் சொன்ன வெப்சைட்டில், "அமெரிக்கக் குடிமகனா" என்ற கேள்விக்கு இல்லை என்று குறித்துக் கையெழுத்துப் போட்டுக் கெடு தேதிக்குள் அனுப்பிவிடுங்கள். சில இடங்களில் கிரீன் கார்டின் நகல் கேட்பார்கள். அவசரத்தில் ஆம் என்று குறித்துவிட வேண்டாம், தன்னைக் குடிமகன் என்று தவறாகச் சொல்வது பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் பெரிய சிக்கலைக் கொண்டுவரும். நாளைக்கு அவர் குடியுரிமை வாங்கிய பிறகும் ஆங்கிலம் போதாவிட்டால் பெரும்பாலான கோர்ட்டுகளில் அதைக் காரணமாகச் சொல்லலாம், நியூ மெக்சிகோவில் மட்டும் ஆங்கிலம் தெரியாத குடிமக்களும் மொழிபெயர்ப்பாளரோடு ஜூரராக இருக்கும் உரிமையை மாநில அரசியல் சாசனமே காப்பாற்றுகிறது. இன்னொன்று, "ஜூரிக்கு வராததால் வாரண்ட் இருக்கிறது, உடனே கிஃப்ட் கார்டில் அபராதம் கட்டு" என்று அம்மாவுக்குப் போன் வந்தால் அது மோசடி. எந்தக் கோர்ட்டும் போனில் பணம் கேட்காது, அப்படி வந்தால் போனை வைத்துவிட்டு, சம்மன் கடிதத்தில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டு விசாரியுங்கள்.